இன்டெர்னல் 25 மார்க்கை நம்பும்படி போடுவது எப்படி? ஆன்லைன் பேப்பருக்கும் நேரடி வகுப்புக்கும் சேர்த்து

செக்கானூரணி_வணிகவியல்

வணக்கம். பி.காம் இரண்டாம் வருடம், ஒரு செக்‌ஷனுக்கு 60 பேர். வரும் செமஸ்டரில் காஸ்ட் அக்கவுண்டிங் முழுக்க நேரடி வகுப்பு, பிசினஸ் ஸ்டாடிஸ்டிக்ஸ் பாதி ஆன்லைன், ஒரு எலெக்டிவ் மத்திய அரசின் ஆன்லைன் பாடத்தளமான ஸ்வயம் வழியாக. முதல் இரண்டுக்கும் இன்டெர்னல் 25 நாம் போட வேண்டும். எலெக்டிவுக்கு மார்க் அங்கிருந்தே வரும், ஆனால் பிள்ளைகளுக்குப் பாடம் புரிந்ததா என்று பார்ப்பது நம் பொறுப்பு.

அசைன்மென்ட் கொடுத்தால் இரண்டு பேர் எழுத, மற்றவர்கள் பார்த்து எழுதுகிறார்கள். ஆன்லைன் குவிஸ் வைத்தால் வாட்ஸ்அப்பில் விடை ஓடுகிறது. சாட்ஜிபிடியும் வந்துவிட்டது. கேமரா வைத்துக் கண்காணிக்கும் மென்பொருளை வாங்கலாமா என்று பேச்சு இருக்கிறது. எது வேலை செய்யும், எது செய்யாது, ஏன் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பிள்ளைகளைப் பொதுவாகக் குறை சொல்வது வேண்டாம். செய்முறை வேண்டும்.


பசுமலை_தேர்வுப்பிரிவு

வாங்காதீர்கள் சார். அந்த மென்பொருள் முகத்தைப் பார்க்கிறது. காப்பி நடப்பதோ லேப்டாப் திரைக்குக் கீழே சாய்த்து வைத்த இரண்டாவது போனில். முன் கேமராவின் கோணத்துக்குள் அந்த இடம் வரவே வராது. ஆனால் தப்பே செய்யாத பிள்ளை மாட்டும். ஒற்றை அறை வீட்டில் தங்கச்சி குறுக்கே போனால் இரண்டாவது முகம் என்று பதிவாகும். கரண்ட் போய் வெளிச்சம் குறைந்தால் முகம் காணவில்லை என்று வரும். கணக்குப் பேப்பரில் முக்கால்வாசி நேரம் தாளைப் பார்த்துக் குனிந்துதான் இருப்பார்கள், அதையும் பார்வை விலகியது என்று எழுதும்.

60 பேருக்கு ஆளுக்குப் பத்து எச்சரிக்கை வந்தால் 600 வீடியோத் துண்டு. ஒன்றுக்கு அரை நிமிடம் என்றாலும் 5 மணி நேரம். அத்தனையையும் உட்கார்ந்து பார்க்க ஆள் இருக்காது, கடைசியில் எண்ணிக்கையை வைத்தே முடிவெடுப்பார்கள். அநியாயம் அங்கேதான் நடக்கிறது. 2021 பிப்ரவரியில் அண்ணா பல்கலைக்கழகம் இந்த மாதிரிக் கண்காணிப்போடு வீட்டிலிருந்தே எழுதும் தேர்வை நடத்தியது. முடிவுகள் வந்ததும் புகார்கள் குவிந்து மறுதேர்வு வைக்க வேண்டி வந்தது.

அடுத்த வருடம் கேமராவை விட்டுவிட்டு, வீட்டில் எழுதி ஸ்கேன் செய்து ஏற்றிவிட்டுத் தாளைத் தபாலில் அனுப்பும் முறை வந்தது. அதில் சிக்கல் வேறு. போனில் வெறுமனே படம் எடுத்தால் ஒரு பக்கம் 3 எம்பி, 30 பக்கம் 90 எம்பி. உசிலம்பட்டிக்கு மேற்கே சிக்னல் இல்லாத ஊர்களில் இது ஏறவே ஏறாது. ஸ்கேன் செயலியில் கறுப்பு வெள்ளையைத் தேர்ந்தெடுத்தால் ஒரு பக்கம் சில நூறு கேபிக்குள் அடங்கும். வீட்டிலிருந்து எதை வாங்கினாலும் இதை முதல் நாளே சொல்லிக்கொடுங்கள்.

நான் வைக்கும் விதி ஒன்றுதான். மார்க் தரும் எதுவும் நம் அறையில், நம் கண் முன்னால் நடக்க வேண்டும். வீட்டிலிருந்து வருவது பயிற்சி.


நாகமலை_புள்ளியியல்

பசுமலை சார் விதியை ஏற்கிறேன். பயிற்சிக் குவிஸையும் ஒழுங்காக அமைத்தால் பயன் உண்டு, அதைச் சொல்கிறேன். மூடுல் என்ற இலவசக் கற்பித்தல் மென்பொருள் இருந்தால் போதும், காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம்.

20 கேள்வி கொண்ட குவிஸ் என்றால் 20 தலைப்புகள் பிரித்து, தலைப்புக்கு 4 கேள்வி வீதம் 80 கேள்விகளைக் கேள்வி வங்கியில் போடுங்கள். குவிஸில் ஒவ்வொரு இடத்துக்கும் அந்தத் தலைப்பிலிருந்து ரேண்டம் கேள்வி. அருகருகே இருக்கும் இரண்டு பேருக்கு 20-இல் சராசரியாக 5 கேள்விதான் ஒன்றாக வரும். ஆனால் 60 பேர் சேர்ந்த வாட்ஸ்அப் குழுவுக்கு 80-உம் வந்துவிடும் என்பதை மறக்கக் கூடாது. ஆகவே "நாளை இரவு 12 வரை எப்போது வேண்டுமானாலும்" என்று திறந்துவைப்பதுதான் பெரிய தவறு. எல்லோருக்கும் ஒரே நேரத்தில், 20 நிமிடம். சரியான விடையைக் காட்டும் அமைப்பைக் குவிஸ் மூடிய பிறகே திறக்க வேண்டும்.

கணக்குக்கு கால்குலேட்டட் வகை இருக்கிறது. எண்களுக்குப் பதிலாக மாறிகளும் வரம்பும் கொடுத்தால் ஆளுக்கு ஒரு எண் வரும். விடையில் எவ்வளவு வித்தியாசம் வரை ஏற்பது என்பதைச் சேர்த்தே கொடுங்கள். பெரும்பாலானோர் தடுமாறுவது இங்கேதான். 1% வித்தியாசம் வரை ஏற்காவிட்டால், வழி சரியாகப் போட்டு இடையில் ரவுண்ட் செய்த பிள்ளைக்குப் பூஜ்யம் விழும்.

முடிந்ததும் கேள்விகளைத் தலைப்பு வாரியாகச் சோதியுங்கள். ரேண்டம் என்பதால் தனிக் கேள்வி ஒன்று ஏறக்குறைய 15 பேருக்குத்தான் வந்திருக்கும், ஆகவே ஒரு தலைப்பின் நான்கையும் சேர்த்தே எண்ண வேண்டும். மொத்த மார்க்குப்படி வரிசைப்படுத்தி மேலே 27%, கீழே 27% எடுப்பது வழக்கம். 60 பேருக்கு 16, 16. ஒரு தலைப்பின் கேள்வியை மேலே 14 பேரும் கீழே 6 பேரும் சரியாகப் போட்டிருந்தால் வித்தியாசம் 8, அதை 16-ஆல் வகுத்தால் 0.5. நல்ல கேள்வி. 0.2-க்குக் கீழே இறங்கினால் அந்தத் தலைப்பின் கேள்வி தெரிந்தவரையும் தெரியாதவரையும் பிரிக்கவில்லை. மைனஸில் போனால் விடைக்குறிப்பே தப்பாக இருக்கலாம். கடினம் என்று நினைத்த ஒரு கேள்வி வந்த 15 பேரில் 14 பேர் சரியாகப் போட்டிருந்தால் அது வெளியே போய்விட்டது, வங்கியிலிருந்து எடுத்துவிடுங்கள். நேரத்தையும் பாருங்கள். 20 கேள்வியை 3 நிமிடத்தில் முடித்து முழு மார்க் வாங்கிய தாள் படித்து எழுதியதாக இருக்காது. ஆனால் அதை வைத்துத் தண்டிக்கக் கூடாது, கூப்பிட்டு இரண்டு கேள்வி கேட்க அது ஒரு காரணம், அவ்வளவுதான்.


மாட்டுத்தாவணி_எம்சிஏ

சார், மாணவர் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். ஆளுக்கு ஒரு எண் கொடுத்தால் பக்கத்து ஆளைப் பார்க்க முடியாது என்பது 2022 வரைக்கும் சரி. இப்போது கேள்வியைப் படம் எடுத்துப் போட்டால் படிப்படியாக விடை வருகிறது, எந்த எண்ணாக இருந்தாலும். நேரம் 20 நிமிடமா 10 நிமிடமா என்பதும் அதற்கு ஒன்றுதான்.

இன்னொன்று, பார்த்து எழுதுகிறவர்களில் பாதிப் பேர் சோம்பேறிகள் இல்லை. அசைன்மென்ட் கட்டு பிரிக்கப்படாமலே போகிறது, பக்கம் எண்ணி மார்க் விழுகிறது என்று முதல் செமஸ்டரிலேயே தெரிந்துவிடுகிறது. மாடல் எக்ஸாமில் போன வருடத்துக் கேள்வியே வருகிறது. ஐந்து வருடத்து வினாத்தாளும் ஒரு கைடும் இருந்தால் பாஸ் என்று சீனியர் சொல்லிக்கொடுப்பது உண்மையாகவே நடக்கும்போது, உட்கார்ந்து படிக்கிறவனைத்தான் மற்றவர்கள் வித்தியாசமாகப் பார்க்கிறார்கள். வாசிக்கிற வாத்தியார் பேப்பருக்கு மட்டும் அதே பிள்ளைகள் சொந்தமாக எழுதுகிறார்கள்.


நாகமலை_புள்ளியியல்

தம்பி சொல்வது நியாயம். எண்ணை மாற்றுவது பக்கத்து இலையைத் தடுக்கும், இயந்திரத்தைத் தடுக்காது. அதற்கு வாய்மொழியாகக் கேட்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. வணிகவியலில் எடுத்துக்காட்டோடு சொல்கிறேன்.

காஸ்ட் அக்கவுண்டிங்கில் சிக்கனக் கொள்முதல் அளவு, நாம் இ.ஓ.க்யூ என்போம். ஒரு தடவைக்கு எவ்வளவு வாங்கினால் மொத்தச் செலவு குறையும் என்பதுதான் அது. வருடத் தேவை 3,600, ஒரு ஆர்டர் செலவு 100 ரூபாய், ஒரு பொருளை வருடம் முழுக்க வைத்திருக்கும் செலவு 2 ரூபாய். 2 × தேவை × ஆர்டர் செலவு ÷ வைத்திருக்கும் செலவு, அதன் வர்க்கமூலம்தான் விடை, 600. இதை அப்படியே கொடுத்தால் 60 தாளிலும் 600. தேவையோடு பதிவெண்ணின் கடைசி இரண்டு இலக்கத்தைப் பத்தால் பெருக்கிக் கூட்டச் சொல்லுங்கள். 37-ஆம் எண்ணுக்குத் தேவை 3,970, விடை சுமார் 630. திருத்துவதற்கு எக்செலில் ஒரு நெடுவரிசை போட்டால் 60 விடையும் ஒரு நிமிடத்தில் கிடைக்கும்.

பிறகு அந்தத் தாளோடு பிள்ளை எதிரே வந்து உட்காரட்டும். கேள்விகள் அவர் தாளிலிருந்தே. முதல் கேள்வி, "சூத்திரத்தின் தொடக்கத்தில் இருக்கும் 2 எங்கிருந்து வந்தது?" சராசரிக் கையிருப்பு ஒரு கொள்முதலில் பாதி, அதனால் வந்தது என்று சொல்ல வேண்டும். இரண்டாவது, "வைத்திருக்கும் செலவு 2-லிருந்து 8 ஆனால் அளவு என்ன ஆகும்?" கால்பங்கு என்று சொல்பவர் சூத்திரத்தைப் பார்த்து எழுதியவர். பாதியாகும் என்று சொல்லி, வர்க்கமூலம் இருக்கிறது என்று காரணமும் சொன்னால் அவருக்குப் புரிந்திருக்கிறது. மூன்றாவது, "இந்தக் கணக்கு எந்தக் கடைக்குப் பொருந்தாது?" பூக்கடைக்குப் பொருந்தாது, மல்லிகையை வாரக்கணக்கில் வைத்திருக்க முடியாது என்று ஒரு பிள்ளை சொன்னால் முழு மார்க் கொடுத்துவிடுங்கள்.

கேள்விக்கு 0, 1, 2 என்று அங்கேயே குறித்துவிட வேண்டும், பிறகு போடலாம் என்று வைத்தால் ஞாபகம் கலைந்துவிடும். ஆளுக்கு 4 நிமிடம், மாறி உட்கார 1 நிமிடம். 60 பேருக்கு 300 நிமிடம், அதாவது ஐந்து பீரியட். ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள். 15 பேருக்கு மேல் போனால் கேட்பவருக்குக் களைப்பு வந்து மார்க் ஒன்றுபோல ஆகிவிடும். முதலில் போனவர் வெளியே வந்து கேள்வியைச் சொல்லிவிடுவார் என்ற பயம் வேண்டாம். அந்த 2 ஏன் வந்தது என்று வராண்டாவில் நின்று ஒருவருக்கொருவர் விளக்கிக்கொண்டால் நமக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?


வடக்குமாசி_தமிழ்த்துறை

வாய்மொழி கேட்கும்போது தமிழில் பதில் சொல்ல விடுங்கள். இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளைக்கு விஷயம் தெரியும், ஆங்கிலத்தில் ஒரு பத்தி அமைக்கத் தெரியாது. அதனால்தான் கைடை மனப்பாடம் செய்கிறார்கள், முடியாதபோது பார்த்து எழுதுகிறார்கள். பாடம் ஆங்கில வழியில் இருந்தாலும் உள்ளூர் மொழியில் தேர்வு எழுத விடும்படி 2023 ஏப்ரலில் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியே பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது.

அடுத்தது, இயந்திரம் எழுதியதைக் கண்டுபிடிக்கிறோம் என்று சொல்லும் கருவிகள். அவை காட்டும் சதவீதத்தை வைத்து ஒரு பிள்ளையின் மார்க்கைக் குறைக்காதீர்கள். அந்தக் கருவிகள் அடுத்த சொல்லை எவ்வளவு சுலபமாக ஊகிக்க முடிகிறது என்று அளக்கின்றன. இரண்டாவது மொழியில் எழுதுகிறவர் தெரிந்த சில சொற்களையும் எளிய வாக்கியங்களையும் வைத்தே எழுதுவார், அதுவும் ஊகிக்கச் சுலபமாகத்தான் இருக்கும். 2023-இல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் ஆங்கிலம் தாய்மொழியல்லாத மாணவர்கள் டோஃபெல் என்ற ஆங்கிலத் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கருவிகளில் போட்டுப் பார்த்தார்கள். சராசரியாகப் பாதிக்கு மேற்பட்டவற்றை இயந்திரம் எழுதியது என்று அவை தவறாகச் சொல்லின. சாட்ஜிபிடியை உருவாக்கிய நிறுவனமே தன்னுடைய கண்டறியும் கருவியைத் துல்லியம் போதவில்லை என்று அதே ஆண்டு ஜூலையில் திரும்பப் பெற்றது.

ஒற்றுமை காட்டும் கருவிகள் வேறு வகை. ஆய்வேடுகளுக்கு யுஜிசியின் 2018 விதி 10% வரை விடுகிறது. 10 முதல் 40 வரை திருத்தித் தர வேண்டும், 40 முதல் 60 வரை ஓர் ஆண்டு தடை, 60-க்கு மேல் பதிவு ரத்து. அதையே இளங்கலை அசைன்மென்ட்டுக்கு அளவுகோலாக வைத்தால் பிள்ளைகள் சொற்களை மட்டும் மாற்றிப் போடக் கற்றுக்கொள்கிறார்கள், அவ்வளவுதான்.

கையால் எழுதச் சொன்னால் போதும் என்று சிலர் சொல்வார்கள். போனைப் பார்த்துக் கையால் எழுதுவார்கள். எங்கள் துறைக்கு உதவும் வழி வேறு. மேற்கோளுக்குப் பாடல் எண், பதிப்பு, பக்க எண் கட்டாயம். இயந்திரம் குறள் எண்ணைத் தப்பாகத் தரும், சங்கப் பாடலென்று இல்லாத அடியை உண்டாக்கித் தரும். ஒரு கட்டுரைக்கு மூன்று மேற்கோளை எடுத்து மூல நூலோடு ஒத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023 ஜூலையில் திறந்தது. அங்கே போய்ப் பார்த்துக் குறிப்பெடுத்து வரச் சொன்னால் பிள்ளைகளும் ஒரு நாள் புத்தகங்களுக்கு நடுவில் இருப்பார்கள்.


மேலூர்_கௌரவம்

எல்லாம் சரி, யார் செய்வது? கணக்கைப் போட்டுவிடுகிறேன். வாரம் 16 மணி நேரம் வகுப்பு. நான்கு பேப்பர், பேப்பருக்கு 60 பேர், 240 மாணவர். ஆளுக்கு மூன்று அசைன்மென்ட் என்றால் செமஸ்டருக்கு 720 கட்டு. ஒன்றுக்கு 5 நிமிடம் வாசித்தால் 60 மணி நேரம். இன்டெர்னல் தாள் திருத்துவது தனி. இதற்கென்று கால அட்டவணையில் ஒரு பீரியட்கூடக் கிடையாது.

கௌரவ விரிவுரையாளருக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 வரை கொடுக்கலாம் என்று 2019-இல் யுஜிசி சொன்னது. தமிழக அரசுக் கலைக் கல்லூரிகளில் 20,000 ஆக இருந்தது 2023-இல் 25,000 ஆனது. சுயநிதிப் பிரிவுகளில் இன்னும் கீழே. காலையில் ஒரு ஷிப்ட் முடித்து மாலையில் டியூஷன் எடுத்தால்தான் வீடு ஓடும் என்கிறவரிடம் 720 கட்டையும் வாசியுங்கள் என்றால் அவர் பக்கம் எண்ணத்தான் செய்வார். கற்பித்தலின் தரம் என்று பேச ஆரம்பித்தால் இதிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.


பசுமலை_தேர்வுப்பிரிவு

மேலூர் ஐயா சொன்னதில் ஒரு வரிகூடத் தப்பில்லை. ஆகவே வேலையைக் கூட்டாமல் மாற்றிப் போட வேண்டும். மூன்று அசைன்மென்ட்டை ஒன்றாக்குங்கள். அந்த ஒன்றைப் பீரியடுக்குள்ளேயே வாய்மொழியாகக் கேட்டு முடியுங்கள். நாகமலை சார் சொன்ன ஐந்து பீரியட் அதற்குத்தான். கட்டு வீட்டுக்குப் போகவே போகாது. மீதிப் பிள்ளைகள் அந்த நேரம் வகுப்பில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கட்டும்.

இன்டெர்னல் டெஸ்டில் பிட் அடிப்பதை ஒழிக்க எளிய வழி, ஆளுக்கு ஒரு ஏ4 தாளை அனுமதிப்பது. ஒரு பக்கம், சொந்தக் கையெழுத்து, மேலே பதிவெண். விடைத்தாளோடு சேர்த்துக் கட்டி வாங்கிக்கொள்ள வேண்டும். ஜெராக்ஸ் கூடாது, அதை வாசலிலேயே பாருங்கள். சூத்திரம் எல்லாம் கையில் இருக்கும்போது மைக்ரோ ஜெராக்ஸுக்கு வேலை இல்லை. ஆனால் கேள்வியையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். "இ.ஓ.க்யூ என்றால் என்ன" என்று இரண்டு மார்க் கேட்டால் தாளைப் பார்த்து எழுதிவிடுவார்கள். அந்தத் தாளைத் தயாரிக்கும்போதே பாதிப் பாடம் ஏறிவிடும் என்பது கூடுதல் லாபம்.

அறையில் 25 பேர், ஐந்துக்கு ஐந்து. ஒரு வரிசை பி.காம், அடுத்த வரிசை வேறு துறை. இரண்டு செட் வினாத்தாள் என்றால் கேள்வி வரிசையை மாற்றினால் போதாது, எண்கள் மாற வேண்டும்.

மாட்டினால் என்ன செய்வது என்பதைக் கண்காணிப்புக்குப் போகும் ஒவ்வொருவருக்கும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். கூச்சல் கூடாது, கை வைக்கக் கூடாது. பிட்டை வாங்கி ஒவ்வொரு பக்கத்திலும் கண்காணிப்பாளர் கையெழுத்தும் நேரமும். விடைத்தாளில் அதுவரை எழுதிய இடத்தில் கோடு போட்டு நேரம் குறிக்க வேண்டும். பிள்ளையின் விளக்கத்தை அவர் சொற்களிலேயே எழுதி வாங்குங்கள், நீங்கள் சொல்லி எழுத வைத்தால் விசாரணையில் நிற்காது. யார் எங்கே உட்கார்ந்திருந்தார் என்ற வரைபடத்தை உடன் வையுங்கள்.

இதைவிட முக்கியம், அந்தப் பிள்ளையைத் தனியாக அனுப்பாதீர்கள். எல்லோர் முன்னாலும் அவமானப்பட்டு வெளியே போகிற பிள்ளை என்ன முடிவெடுக்கும் என்று சொல்ல முடியாது. மென்டரை, அதாவது அவருடைய பொறுப்பாசிரியரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, வீட்டிலிருந்து யாராவது வந்த பிறகு ஒப்படைக்க வேண்டும். பெற்றோரிடம் "ஒரு பேப்பர் போயிருக்கிறது, திரும்ப எழுதலாம்" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். விசாரணைக் குழு நிதானமாகக் கூடட்டும்.


கூடல்நகர்_வாசகர்

2024-இல் புதுச் சட்டம் வந்ததே, அதன்படி போலீசில் கொடுத்தால் பயம் வராதா?


பசுமலை_தேர்வுப்பிரிவு

பொதுத் தேர்வுகள் முறைகேடு தடுப்புச் சட்டத்தைச் சொல்கிறீர்கள். அது யுபிஎஸ்சி, எஸ்எஸ்சி, ரயில்வே, வங்கித் தேர்வு, என்டிஏ நடத்தும் தேர்வுகளுக்கு. வினாத்தாளைக் கசியவிடும் கும்பல்தான் அதன் குறி. கல்லூரி இன்டெர்னலும் செமஸ்டரும் அதில் வராது. வர வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை.


ஒத்தக்கடை_என்பிடெல்

ஸ்வயம் எலெக்டிவ் பற்றி யாரும் தொடவில்லை, அதனால் எழுதுகிறேன். யுஜிசியின் 2021 விதிப்படி ஒரு செமஸ்டரில் ஒரு படிப்பின் பாடங்களில் 40% வரை ஸ்வயம் வழியாக எடுக்கலாம். எடுப்பதற்கு முன் எந்த ஒருங்கிணைப்பாளரின், அதாவது பாடத்தை நடத்தும் எந்த அமைப்பின் பாடம் என்று பாருங்கள். பி.காமுக்குப் பொருந்தும் இளங்கலைப் பாடங்கள் பெரும்பாலும் யுஜிசியின் கல்வித் தொடர்பு அமைப்பான சி.இ.சி. வழி வரும். நம் பல்கலை நகரில் காமராசர் பல்கலைக்கழகத்திலேயே அதற்குப் பாடம் தயாரிக்கும் கல்விப் பல்லூடக ஆராய்ச்சி மையம் இருக்கிறது. மேலாண்மைப் பாடங்கள் சில ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் சேர்ந்து நடத்தும் என்பிடெல் வழி.

என்பிடெல் கணக்கு இப்படி. 12 வாரப் பாடத்தில் வாராந்திர அசைன்மென்ட்களில் சிறந்த எட்டின் சராசரிக்கு 25, மையத்தில் போய் நேரில் எழுதும் தேர்வுக்கு 75. சான்றிதழுக்கு 25-இல் 10, 75-இல் 30 வேண்டும். வாராந்திர அசைன்மென்ட் விடைகள் கெடு முடியும் முன்பே யூடியூபிலும் டெலிகிராமிலும் வந்துவிடுகின்றன. அதனால் அந்த 25 எதையும் சொல்லாது. 24-உம் 31-உம் வாங்கி 55 எடுத்தவருக்கும், 15-உம் 48-உம் வாங்கி 63 எடுத்தவருக்கும் இடையே எட்டு மார்க்தான் வித்தியாசம், ஆனால் இரண்டாவது பிள்ளைக்குத்தான் பாடம் தெரியும். முடிவு வரும்போது இரண்டு நெடுவரிசையையும் தனித்தனியாக வாங்கி வையுங்கள். அடுத்த முறை யாருக்கு உதவி தேவை என்பது அதில் தெரியும்.

மென்டர் என்று பெயர் மட்டும் போட்டால் பிள்ளைகள் கடைசி வாரம் வரை வீடியோவைத் திறக்க மாட்டார்கள். வாரம் ஒரு பீரியட் அட்டவணையில் வேண்டும். அந்த வார வீடியோ மொத்தம் இரண்டரை மணி நேரம் இருக்கும், முழுவதையும் போட வேண்டாம். கடினமான 10 நிமிடத்தை மட்டும் போட்டு, நடுவில் நிறுத்தி, "அடுத்து என்ன செய்வார்?" என்று கேளுங்கள். பிறகு அந்த வார அசைன்மென்ட்டில் இல்லாத ஒரு கேள்வியைப் பலகையில் எழுதி, ஐந்து நிமிடம் தாளில் எழுதி வாங்குங்கள். உச்சரிப்பு புரியாதவர்களுக்கு என்பிடெல் பாடங்கள் பலவற்றின் எழுத்து வடிவம் தமிழிலும் கிடைக்கிறது, தேடி எடுத்துக் கொடுங்கள்.

ஆன்லைன் என்றாலே தரம் குறைவு என்ற பேச்சை நான் ஏற்கவில்லை. நம் ஊரில் கரஸ் படித்து முன்னுக்கு வந்தவர்கள் வீட்டுக்கு ஒருவர் இருப்பார்கள். அப்போது தபாலில் பாடம் வந்தது, இப்போது வீடியோ வருகிறது. இரண்டிலும் வாரத்துக்கு ஒரு முறையாவது கேள்வி கேட்க ஓர் ஆள் இருந்தாரா என்பதில்தான் வித்தியாசம்.


திருப்பரங்குன்றம்_கணினி

பி.காமிலும் கடைசி வருடம் பிராஜெக்ட் வருகிறது, அதனால் இது. பிராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து ரெடிமேடாக வாங்குவதைக் கடைசி நாள் வைவாவில் தடுக்க முடியாது. அதற்குள் எல்லாம் பைண்ட் ஆகிவிடும். முதல் ரிவியூவில் தலைப்பும், எங்கிருந்து தரவு எடுக்கப்போகிறார் என்பதும். இரண்டாவதில் சுத்தம் செய்யாத மூலத் தரவு, கையால் எழுதிய கேள்வித்தாளோடு. மூன்றாவதில் ஒரு அட்டவணையை நம் முன்னால் திரும்பப் போட்டுக் காட்ட வேண்டும். ஒவ்வொரு ரிவியூவுக்கும் மார்க் தனியாகப் பதிவாக வேண்டும்.

தரவை உள்ளூரிலிருந்து கேளுங்கள். மாட்டுத்தாவணி பூச்சந்தையில் மல்லிகை விலை பத்து நாள். ஒரே தேதிகளை மூன்று பேருக்குக் கொடுங்கள், ஒருவர் போவது மற்றவருக்குத் தெரியாமல். மூன்றும் ஏறக்குறைய ஒத்துவர வேண்டும். முகூர்த்த நாளில் விலை ஏறாத அட்டவணை வந்தால் வீட்டில் உட்கார்ந்து எழுதியது. கணினித் துறையில் நிரல் என்றால் ஒரே நாளில் மொத்தமும் ஏறியதா, கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்ததா என்று, ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியோடு பதிந்துவைக்கும் கிட் மென்பொருளின் வரலாற்றைப் பார்ப்போம். நீங்கள் கூகுள் டாக்ஸில் எழுதச் சொன்னால் பழைய பதிப்புகளை அதே போலப் பார்க்கலாம்.


செக்கானூரணி_வணிகவியல்

எல்லோருக்கும் நன்றி. மென்பொருள் யோசனையைக் கைவிடச் சொல்லிவிட்டேன். இப்போதைக்கு இப்படி வைத்திருக்கிறேன். அறையில் இரண்டு டெஸ்ட், ஏ4 தாளோடு, சேர்த்து 12. ஒரே ஒரு அசைன்மென்ட், எழுதியதற்கு 2, வாய்மொழிக்கு 6, ஆக 8. வகுப்பு முடியும் முன் பத்து நிமிடச் சின்னத் தேர்வு செமஸ்டருக்கு 12, அதில் சிறந்த எட்டு எடுத்து 5. மூடுல் குவிஸுக்கு மார்க் இல்லை, ஆனால் டெஸ்ட் கேள்விகளில் பாதி அந்த 80-இன் சாயலில் வரும் என்று முதல் நாளே சொல்லிவிடுவேன். வாய்மொழி தமிழிலோ ஆங்கிலத்திலோ. இதில் எங்கே இடிக்கும்?


பசுமலை_தேர்வுப்பிரிவு

இரண்டு இடத்தில் இடிக்கும். உங்கள் கல்லூரி தன்னாட்சி என்றால் இந்தப் பிரிப்பு பாடத்திட்டக் குழுவான போர்டு ஆஃப் ஸ்டடீஸில் தீர்மானமாகி அகாடமிக் கவுன்சிலுக்குப் போக வேண்டும். செமஸ்டர் தொடங்கிய பிறகு மாற்றினால் ஒரே ஒரு புகாரில் மொத்தமும் விழும். இணைப்புக் கல்லூரி என்றால் 25-ஐப் பல்கலைக்கழகம் எப்படிப் பிரித்திருக்கிறதோ அப்படியே வையுங்கள். ஆனால் அசைன்மென்ட் என்ற தலைப்புக்குள் எழுதுவது எவ்வளவு, வாய்மொழி எவ்வளவு என்பது துறையின் கையில்தான் பெரும்பாலும் இருக்கும். துறைக் கூட்டக் குறிப்பில் ஏற்றிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

இரண்டாவது, வாய்மொழி மார்க்குக்குத் தாள் சாட்சி வேண்டும். கேட்ட மூன்று கேள்வியையும் கொடுத்த எண்ணையும் அசைன்மென்ட்டின் கடைசிப் பக்கத்திலேயே எழுதிப் பிள்ளையிடம் கையெழுத்து வாங்குங்கள்.


மாட்டுத்தாவணி_எம்சிஏ

சார், வாய்மொழி நாளில் வராதவர்களுக்கு இன்னொரு நாள் உண்டு என்பதையும் அதே குறிப்பில் சேர்த்துவிடுங்கள். வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிறவர்கள் செக்‌ஷனுக்குப் பத்துப் பேராவது இருப்பார்கள். அவர்களுக்கு ஒரு வாரம் முன்னால் தேதி தெரிந்தால் போதும், லீவு சொல்லிவிட்டு வந்துவிடுவார்கள்.


செக்கானூரணி_வணிகவியல்

சேர்த்துவிட்டேன் தம்பி. வியாழன் துறைக் கூட்டம். 60 பேரையும் 12 பேர் வீதம் ஐந்து குழுவாகப் பிரித்து, தேதியோடு நோட்டீஸ் போர்டில் ஒட்டப் போகிறேன்.